தட்டை வைத்து வரைந்த கடிகாரங்கள்: ஒரு நாவலைப் பிரித்துச் சரிசெய்த பதிவு

என் நாவலின் 398ஆம் பக்கத்தில் கதிரவன் பிளஸ் டூ தேர்வில் 1,147 மதிப்பெண் வாங்கியிருந்தான். அந்த எண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் அண்ணன் மகளின் கையெழுத்து: "எங்களுக்கு மொத்தமே 600தான், சித்தப்பா."

மூன்று ஆண்டுகளாக இரவுகளில் எழுதிய நாவல் அது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்த மூன்று பேர் 2017 ஜூனில் மூன்று பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். கோகிலா உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே உயிரியல், கணிதம் சேர்ந்த பிரிவை எடுக்கிறாள். கதிரவனை அவன் அப்பா கடன் வாங்கி நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார். ஆசிக் நகரத்துப் பள்ளியில் வணிகவியல். 2019 மே வரையிலான இரண்டு ஆண்டுகள்தான் கதை. நான் பிளஸ் டூ எழுதியது 1996இல். நடுவில் ஓடிப்போன காலத்தை என் நினைவைக் கொண்டே நிரப்பிவிடலாம் என்று நம்பியிருந்தேன். முதல் பழுது அந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

அண்ணன் மகள் 2019 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவள். அதனால்தான் 430 பக்க அச்சுப் பிரதியை முதலில் அவளிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது பிரதி முழுக்கப் பென்சில் குறிகள். இயற்பியலில் செய்முறைக்கு 50 மதிப்பெண் என்று எழுதியிருந்த இடத்தில், "எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10." தேர்வு மூன்று மணி நேரம் என்ற இடத்தில், "இரண்டரை." கோகிலா பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை அலைபேசியில் படம் பிடிக்கும் காட்சியில், "அது எங்களுக்கு அடுத்த செட்டுக்கு வந்த புதுப் புத்தகம். நாங்கள் பழைய பாடத்திட்டத்தின் கடைசி ஆட்கள்." தமிழ் இரண்டாம் தாளுக்கு முந்தைய இரவைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே எழுதியிருந்தேன். அதன் தலைப்புக்கு மேலே, "பிளஸ் ஒன்னில் இரண்டு தாள் இருந்தது. பிளஸ் டூவில் ஒரே தாள்தான்."

இவற்றையெல்லாம் ஓர் இரவில் திருத்திவிடலாம். என்னை உட்காரவைத்தது 143ஆம் பக்கத்தில் இருந்த குறிப்பு. விடுதி ஜன்னல் ஓரம் நின்று, கொல்லிமலையைப் பார்த்தபடி, தன் வாழ்க்கையைப் பற்றிக் கதிரவன் நான்கு பக்கம் யோசிக்கிறான். அந்தப் பத்தியின் ஓரத்தில் அவள் எழுதியிருந்தாள்: "இவ்வளவு நேரம் ஜன்னல் பக்கத்தில் நிற்க அவனை யார் விடுவார்கள்?"

பிரித்துப் போட்டது

கணினித் திரையில் இந்த வேலை நடக்காது என்று இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. சுருள் கம்பியை உருவி எடுத்து, 38 அத்தியாயங்களையும் மாடி அறைத் தரையில் வரிசையாக அடுக்கினேன். மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். மூன்று வண்ணப் பென்சில்கள்: பாத்திரம் ஏதாவது வேலை செய்யும் பத்திக்குப் பச்சை, பேசும் பத்திக்கு நீலம், யோசிக்கும் பத்திக்குச் சிவப்பு. ஒவ்வொரு பத்தியின் இடது ஓரத்திலும் ஒரு கோடு. இதற்கே ஒன்பது நாள் ஆனது.

முடித்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். தரை முழுவதும் சிவப்பு. படிப்பைத் தவிர வேறு எதற்கும் நேரமில்லாத பிள்ளைகளைப் பற்றிய நாவலில், அவர்கள் பக்கம் பக்கமாக யோசித்துக்கொண்டே இருந்தார்கள். பச்சைக் கோடுகள் அதிகம் விழுந்தது அம்மாக்களுக்கு. அவர்கள் சமைத்தார்கள், தண்ணீர் பிடித்தார்கள், தென்னைநார் ஆலைக்கு நடந்தார்கள். பிள்ளைகள் தேர்வைப் பற்றிக் கவலைப்பட்டார்களே தவிர, படிக்கும் காட்சி என்று ஒன்றுகூட இல்லை. ஒரு வேதியியல் சமன்பாட்டைக்கூட யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகளைச் சுவரில் ஒட்டியது

அடுத்து நாட்காட்டி. நான்கு சார்ட் பேப்பர்களை நீளவாக்கில் ஒட்டி 24 மாதங்களுக்குக் கட்டம் போட்டேன். மேல் வரிசையில் உண்மையில் நடந்தவை, கீழ் வரிசையில் என் அத்தியாய எண்கள். இதுபோல் எழுத நினைப்பவர்கள் இந்த வேலையை முதல் வரி எழுதும் முன்பே செய்துவிட வேண்டும். மூன்று ஆண்டு தாமதமாகச் செய்த வலியோடுதான் இதைச் சொல்கிறேன்.

மேல் வரிசை நிரம்ப நிரம்ப, நான் தேர்ந்தெடுத்த செட் எப்படிப்பட்டது என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது. 2017 மே மாதத்தில், முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு என்ற அறிவிப்பு வந்தது. பாடத்துக்கு 200 மதிப்பெண் என்பது 100 ஆனது, மொத்தம் 1,200 என்பது 600 ஆனது. அதற்கு முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறுக்கு வழி அடைபட்ட பிறகு உள்ளே நுழைந்த முதல் செட், கதிரவனின் செட். பள்ளிக்குப் பழைய பழக்கம் போகவில்லை, புதுத் தேர்வையும் தவிர்க்க முடியாது. இரண்டின் சுமையும் பிள்ளைகள் தலையில். என் முதல் பிரதியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. "கண்டிப்பான பள்ளி" என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

2018 மார்ச்சில் அவர்கள் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு எழுதுகிறார்கள். இரண்டு ஆண்டு மதிப்பெண்களும் சேர்ந்து 1,200க்கு ஒரே சான்றிதழ் என்றுதான் அப்போது அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. செப்டம்பரில் அது மாறியது. உயர்கல்விக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் கணக்கில் வராது, பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. இந்த ஒரு வரியை மேல் வரிசையில் எழுதிய பிறகு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா பிளஸ் ஒன்னில் நன்றாக எழுதியவள். அந்த மதிப்பெண்ணைச் சேமிப்புப் போல நினைத்து வைத்திருந்தவள். கதிரவனுக்கு விடுதி பழகாத முதல் ஆண்டு, மதிப்பெண் குறைவு. ஒரே அறிவிப்பு ஒருத்தியின் ஓராண்டு உழைப்பை எடுத்துக்கொண்டு, ஒருவனுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது. இருவரும் நண்பர்கள். அவன் விடுதித் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு அவளை அழைக்கிறான். எதிர்முனையில் அவள் பேசவில்லை. மூன்று ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்த நாவலின் நடுப்புள்ளி நாட்காட்டியில் எனக்காகக் காத்திருந்தது. புதுப் பிரதியில் அது 17ஆம் அத்தியாயம். நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கீழ் வரிசையில் ஒரு பெரிய தவறு அகப்பட்டது. கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் 6. என் பிரதியில் புயலுக்குப் பிறகு தீபாவளி வந்தது. விழுந்து கிடக்கும் தென்னைகளுக்கு நடுவே பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்தினார்கள். அழகான காட்சி என்று நினைத்து எழுதியது, நடந்திருக்கவே முடியாதது. பத்துப் பக்கத்தையும் எடுத்தேன். அதற்கு ஈடாக ஒன்று கிடைத்தது: தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்த கதிரவன் தோப்பை நின்ற நிலையில் கடைசியாகப் பார்த்தது அந்த விடுமுறையில்தான். அது கடைசி என்று அவனுக்குத் தெரியாது, படிப்பவருக்குத் தெரியும். அதனால் அந்த அத்தியாயத்தில் சோகமாக எதையும் எழுதவில்லை. அப்பாவும் மகனும் இளநீர் வெட்டுகிறார்கள், இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு எத்தனை தேங்காய் ஆகும் என்று அப்பா கணக்குப் போடுகிறார். அவ்வளவே.

பிறகு 2019 ஜனவரி 22 முதல் 30 வரை, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம். கோகிலாவின் பள்ளியில் ஆசிரியர்கள் இல்லாத ஒன்பது நாள், செய்முறைத் தேர்வுக்குச் சற்று முன்பாக. புயலில் அரையாண்டுத் தயாரிப்பு போன பிள்ளைகளுக்கு இதுவும் சேர்ந்தது. முதல் பிரதியில் இந்த ஜனவரி வெறும் பொங்கலாகக் கடந்திருந்தது.

தட்டும் கோணமானியும்

ஜன்னல் கேள்விக்கு வருகிறேன். மூன்று பேருக்கும் மூன்று கடிகாரம் வரைந்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துச் சார்ட்டில் வட்டம் போட்டு, கோணமானியால் 15 பாகைக்கு ஒரு கோடு. ஒரு வட்டத்தில் 24 துண்டுகள், துண்டுக்கு ஒரு மணி நேரம். தூக்கத்துக்குக் கறுப்பு, பள்ளிக்கு மஞ்சள், படிப்புக்குப் பழுப்பு, வீட்டு வேலைக்குப் பச்சை. எதுவும் இல்லாத நேரத்தை வெள்ளையாக விட வேண்டும்.

கோகிலாவின் கடிகாரத்தை அண்ணன் மகளே நிரப்பினாள். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பது. அம்மா ஆலைக்குக் கிளம்புமுன் உலை வைப்பது. ஏழேகால் பஸ். எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு. மாலை நான்கேகாலுக்கு மணி அடித்தாலும் ஸ்டடி முடிய ஐந்தே முக்கால். மறுபடி பஸ். பாத்திரம், தம்பியின் வீட்டுப் பாடம், எட்டிலிருந்து பதினொன்று வரை படிப்பு. கதிரவனின் விடுதியில் காலை நான்கே முக்காலுக்கு முதல் மணி, இரவு பத்தே முக்காலுக்கு விளக்கணைப்பு. இடையில் தினத் தேர்வு, அதன் தாள் திருத்தப்பட்டு இரவே கைக்கு வருவது, தவறிய ஒரு மதிப்பெண் வினாக்களைப் பத்து முறை எழுதுவது. இந்த விவரங்களை அப்படி ஒரு விடுதியில் இருந்த பையன் ஒருவன் வந்து உட்கார்ந்து சொன்னான். பள்ளியின் பெயரை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வரைந்து முடித்தபோது கதிரவனின் வட்டத்தில் வெள்ளை இருந்தது ஒரே ஒரு கீற்று. காலையில் குளிக்க வரிசையில் நிற்கும் இருபது நிமிடம்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு பாத்திரம் யோசிக்க வேண்டுமானால் கடிகாரத்தில் அதற்கு வெள்ளை இருக்க வேண்டும். வெள்ளை இல்லையென்றால், கையில் ஒரு வேலை இருக்கும்போதே அந்த எண்ணம் வந்து போக வேண்டும். சிவப்புக் கோடு போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். 96 பக்கங்களுக்கு விடை இல்லை. கத்தரிக்கோலால் வெட்டி ஒரு சாக்குப் பையில் போட்டேன். அவற்றில் நல்ல வரிகளும் இருந்தன. ஒன்றைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை.

குளியல் வரிசை மட்டும் நாவலுக்குள் நான்கு முறை வருகிறது. முதல் முறை கதிரவனுக்குப் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள், அவனுக்கு யாரையும் தெரியாது. இரண்டாம் முறை பக்கத்தில் நிற்பவனோடு ஒரு மதிப்பெண் வினாக்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். மூன்றாம் முறை, புயலுக்குப் பிறகு. ஊரோடு தொடர்பு இல்லை, மின்சாரம் இல்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துபோன அந்த நாட்களில் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கு எப்போது பேச முடியும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர். யாருக்கு வீட்டிலிருந்து செய்தி வந்தது என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். முதல் பிரதியில் இதே இடத்தில் நான் எழுதியிருந்தது இது:

"தேர்வு என்னும் அரக்கன் ஒருபுறம், இயற்கையின் சீற்றம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே தன் இளம் நெஞ்சம் நசுங்குவதை அவன் உணர்ந்தான்."

இப்போது இருப்பது:

"பல் துலக்கியை வாயில் வைத்தபடியே முரளி கேட்டான், உங்கள் வீட்டில் ஓடா, தளமா என்று. ஓடு என்றான் கதிரவன். முரளி வாளியை நகர்த்தி, அவனை முன்னால் போகச் சொன்னான்."

இந்த மூன்று வரிகளுக்கு ஆறு வாரம் பிடித்தது.

வேதியியல் ஆசிரியர்

அடுத்த பழுது, வில்லன். கோகிலாவின் வேதியியல் ஆசிரியரை நான் கொடுமைக்காரராக வார்த்திருந்தேன். அடிப்பார், அவமானப்படுத்துவார், வேறு எதுவும் செய்ய மாட்டார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற முதுநிலை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்த அத்தியாயங்களை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "இப்படியும் இருந்தார்கள் தம்பி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தை நீங்கள் எழுதவில்லையே" என்றார்.

பிறகு இரண்டு மாலைகள் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கு மேலதிகாரிகளுக்குப் போகும். குறைந்த பாடத்தின் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். மெல்லக் கற்போர் பட்டியல் ஒன்று, செண்டம் எடுக்கக்கூடியவர் பட்டியல் ஒன்று. இரண்டு பட்டியலிலும் பெயர் இல்லாத பிள்ளைகள் நடுவில் இருப்பார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. தேர்ச்சிக்கு மட்டும் போதுமான கேள்விகளைச் சுருக்கிக் கையேடு போட்டு, அதையே மனப்பாடம் செய்யவைப்பது. "ஐம்பத்தாறு வயதில் எழுந்து நின்றிருக்கிறேன். மறுநாள் காலை வகுப்புக்குப் போனபோது என் குரல் மாறியிருந்தது எனக்கே கேட்டது" என்றார்.

வேதியியல் ஆசிரியரை நல்லவராக்கவில்லை. அவர் பிரம்பை எடுக்கும் அத்தியாயத்துக்கு முன்னால் அவர் எழுந்து நிற்கும் அத்தியாயத்தைச் செருகினேன். பிரம்படி அதனால் இன்னும் கொடியதாக மாறியது, ஏனென்றால் இப்போது அது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. கதிரவனின் அப்பாவையும் இதே முறையில் மாற்றினேன். பழைய பிரதியில் விடுதிக்கு வந்து, "உன்னை நம்பித்தான் கடன் வாங்கினேன்" என்று கத்துவார். புதியதில் புயலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார், முறுக்குப் பொட்டலத்தைக் கொடுக்கிறார், தோப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் உள்ளங்கையில் ரம்பம் பிடித்த கொப்புளங்களைக் கதிரவன் பார்த்துவிடுகிறான். நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுத்துப் போட்ட முடிவு

முதல் பிரதி ஒரு தற்கொலையில் முடிந்தது. அதைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

நாட்காட்டியின் மேல் வரிசையில் 2017 செப்டம்பர் 1 இருக்கிறது. அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா இறந்த நாள். 1,200க்கு 1,176 எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல், வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனவர். என் பாத்திரங்கள் அப்போது பிளஸ் ஒன்னில் இருக்கிறார்கள். அந்தச் செய்தி அவர்களைத் தொடாமல் போயிருக்க முடியாது. அதை எழுதியிருந்தேன்: கோகிலா செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுகிறாள். அந்த இடம் முதல் பிரதியிலேயே சரியாக இருந்தது. மாற்றவில்லை.

ஆனால் அதே நாவலின் கடைசியில் நானே ஒரு பிள்ளையைச் சாகவிட்டிருந்தேன். வெட்டிய பக்கங்களுக்குப் பிறகு மிஞ்சியதைத் தொடர்ச்சியாகப் படித்தபோது அந்த மரணத்துக்குக் கதையில் வேர் இல்லை என்று தெரிந்தது. என் மூன்று பேரையும் எப்படிக் கரை சேர்ப்பது என்று தெரியாததால் ஓர் உண்மையான துயரத்தின் கனத்தை இரவல் வாங்கியிருந்தேன். படிக்கப்போவது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்கள் முன்னால் சாவை ஒரு தீர்வு போல வைக்க எனக்கு உரிமையில்லை. 22 பக்கம். அவற்றைச் சாக்குப் பையில் போடவில்லை, கொல்லையில் வைத்து எரித்தேன். அந்த இடத்தில் கோகிலா ஓர் இரவு முழுவதும் பேசாமல் இருப்பதும், மறுநாள் ஆசிக்கின் அக்கா அவளை உட்காரவைத்து 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைக்கச் செய்வதும் வருகின்றன. அழைப்பில் பேசுவது என்ன என்பதை எழுதவில்லை. அக்கா வாசல்படியில் உட்கார்ந்து யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்கிறாள்.

முடிவையும் நாட்காட்டியே கொடுத்தது. அந்தச் செட்டுக்குத் தேர்வு முடிவு வந்தது 2019 ஏப்ரல் 19. முதல் நாள்தான் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. பதிவுசெய்த அலைபேசி எண்ணுக்கு மதிப்பெண் குறுஞ்செய்தியாக வருகிறது. கதிரவனின் வீட்டில் அந்த எண் அப்பாவுடையது. அலைபேசியைப் பிடித்திருக்கும் அவர் விரலில் முந்தின நாளின் மை இன்னும் கறுப்பாக இருக்கிறது. எழுத்துகளை அவரால் படிக்க முடியவில்லை, கண்ணாடி இல்லை. மகனிடம் நீட்டுகிறார். மதிப்பெண் என்ன என்பது அடுத்த வரியில் இருக்கிறது. 1,147 இல்லை.

இப்போதைய நிலை

பதினோரு மாதம் ஆகிவிட்டது. 430 பக்கம் 318 ஆகியிருக்கிறது. மறுபடி அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டு அண்ணன் மகளிடம் கொடுத்தேன். இந்த முறை பென்சில் குறிகள் ஏழுதான். அவற்றில் ஐந்து ஆசிக்கைப் பற்றியவை. அவனுடைய கடிகாரத்தை மட்டும் நான் முழுதாக நிரப்பவில்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். மாலையில் கடையில் உட்கார்கிறான் என்று எழுதியிருக்கிறேன், எத்தனை மணி வரை என்று இல்லை. கணக்குப்பதிவியல் பேரேட்டில் இருபுறமும் ஒத்துவராமல் போனால் எப்படி இருக்கும் என்பது கணிதப் பிரிவில் படித்த எனக்குக் கையில் பழகாத விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வணிகவியல் படித்த ஒருவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். புதுச் சார்ட் ஒன்று வாங்க வேண்டும்.